வானியல் மேதை சந்திரசேகரின் பிற்கால வாழ்வு

பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை எவரேனும் எழுதப் புகுவாராயின், அதன் தொடக்க ஏடுகளில் லாகூர் நகருக்கும் ஓரிடம் அளித்தல் வேண்டும். வடமேற்கு ரயில்வேயின் தலைமைக் காரியாலயம் அந்நகரில் இருந்த காலத்தில், அதன் கணக்குத் தணிக்கைப் பகுதியில் உயர் பதவி வகித்தவர் சி. சுப்பிரமணிய ஐயர். அவருக்கும் சீதாலட்சுமி அம்மையாருக்கும் மூன்றாவது மகவாய், ஆண்மக்களுள் மூத்தவராய், 1910ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தவரே வானியல் மேதை சுப்பிரமணியன் சந்திரசேகர். சர். சி. வி. ராமன் இவருக்குச் சிற்றப்பா முறையாவார்.

சந்திரசேகரைப் பற்றி நம் சங்க மேடைகளில் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளைக் கூறி அமர்ந்துவிடுகின்றனர். 19 வயதில் கப்பலில் போகும்போதே விண்மீன்களைப் பற்றி அரியதோர் உண்மையைக் கணக்கிட்டுக் கண்டார் என்பது ஒன்று. 1983இல் நோபல் பரிசு பெற்றார் என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே 53 ஆண்டுகள் உள்ளன. அவ்வாண்டுகளில், அதிலும் ஐம்பது வயதைக் கடந்த பின்னர், இவர் ஆற்றிய பணியே இவருடைய வாழ்வின் சிகரம் என்பது நமது கருத்து. ஆதலின் இளமைக் காலத்தைச் சுருங்கக் கூறி, பிற்பகுதிக்கே மிகுதியான இடம் தருகிறோம்.

உத்தியோக மாற்றத்தால் குடும்பம் 1916இல் லட்சுமணபுரிக்கும் 1918இல் சென்னைக்கும் பெயர்ந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சந்திரசேகர் பயின்றார். மகன் ஐ.சி.எஸ். தேறி அரசாங்க உத்தியோகம் ஏற்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அன்னையோ மகனுடைய மனம் எதில் ஈடுபடுகிறதோ அதனையே அவன் பயில வேண்டும் என்று துணை நின்றார். இப்ஸன் என்னும் நார்வே நாட்டு நாடகாசிரியரின் நாடகமொன்றைத் தமிழாக்கிய கல்வியறிவுடைய பெண்மணி அவர். 1930இல் மகனுக்குக் கேம்பிரிட்ஜ் செல்ல அரசாங்க உபகாரச் சம்பளம் கிட்டியபோது அன்னை கடும் நோயுற்றிருந்தார். தயங்கி நின்ற மகனைப் போய்வருமாறு வற்புறுத்தி அனுப்பியவரும் அவரே. 1930 ஜூலை 31ஆம் நாள் பம்பாயில் கப்பல் புறப்பட்டது. 1931 மே மாதத்தில் அன்னை காலமானார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார். ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு இத்துயரத்தை எவரும் விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

கப்பலில் கண்ட உண்மை இதுதான். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி, வெண்குள்ளன் எனப்படும் சிறு உருண்டையாய் அமைதி பெறும் என்று அக்காலத்தோர் நம்பினர். எல்லா விண்மீன்களும் அவ்வாறு அமைதியடைய முடியாது. எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று சந்திரசேகரின் கணக்குக் காட்டிற்று. சூரியனைப் போல் ஏறத்தாழ 1.44 மடங்கு என்று பின்னர் வரையறுக்கப்பட்ட அவ்வெல்லைக்கு மேற்பட்ட வெண்குள்ளன் நிலைத்திருக்க இயலாது. 1935 ஜனவரி 11ஆம் நாள் லண்டனில் வானியல் அறிஞர் கூடிய சபையில், அந்நாளில் பெரும் புகழ் பெற்றிருந்த எடிங்டன் இம்முடிவை எள்ளி மறுத்தார். இக்கதை பலரும் அறிந்தது, ஆதலின் விரித்திலோம். சந்திரசேகர் அதன்பின் செய்ததே கவனிக்கத்தக்கது. வாதத்தை நீட்டிக்கொண்டிராமல், தாம் அறிந்தவற்றையெல்லாம் தொகுத்து 1939இல் ஒரு நூலாக வெளியிட்டார். பின்னர் அத்துறையை விட்டு வேறொன்றைக் கற்கத் தொடங்கினார்.

இதுவே இவருடைய வாழ்நாள் வழக்கமாயிற்று. 1936இல் மாநிலக் கல்லூரியில் தம்முடன் பௌதிகம் பயின்ற லலிதா அம்மையாரை மணந்து, 1937இல் அமெரிக்காவின் சிகாகோ சர்வகலாசாலையில் பணியேற்றார். அங்கிருந்து விண்மீன் கூட்டங்களின் இயக்கம், ஒளி பரவும் முறை, பாயும் பொருள்களின் நிலைப்பு என ஒவ்வொரு துறையாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் பல ஆண்டுகள் உழைத்து, ஒரு பெருநூல் எழுதி முடித்து, அதனை விட்டகன்றார். ஆண்டிறுதியில் பேரேட்டை முடித்து அடுத்த ஆண்டிற்குப் புதுப் பேரேடு திறக்கும் கணக்கரைப் போன்றது இம்முறை. தணிக்கை அதிகாரியின் புதல்வர் அல்லவா! இதனிடையே 1952 முதல் 1971 வரை 19 ஆண்டுகள் வான்பௌதிக ஆராய்ச்சிப் பத்திரிகையொன்றின் ஆசிரியப் பொறுப்பையும் சுமந்தார். சர்வகலாசாலையொன்றின் வெளியீடாய் இருந்த அது இவர் காலத்தில் அந்நாடு முழுமைக்கும் உரியதாயிற்று.

1962ஆம் ஆண்டில் இவருக்கு வயது 51. ராயல் சங்கத்தின் உறுப்பினர், நான்கு பெருநூல்களின் ஆசிரியர், உலகறிந்த பேராசிரியர். அவ்வாண்டு போலந்து நாட்டின் வார்சா நகரில் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் தத்துவத்தை ஆராயும் அறிஞர் மாநாடு கூடியது. சந்திரசேகர் அங்கே ஆசிரியராகச் செல்லவில்லை. பாடம் கேட்கும் மாணாக்கரைப் போலச் சென்றார். தம்மினும் இளையோர் நன்கறிந்த ஒன்றைத் தாம் முதலிலிருந்து கற்க வேண்டும் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு சென்றார். பெற்ற புகழை மூலதனமாக வைத்துக்கொண்டு ஓய்வுக் காலத்தை எதிர்நோக்கும் வயது அது. அவ்வயதில் அரிச்சுவடியைக் கையில் எடுப்பதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும் என்பதை நாற்பதைக் கடந்த அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அந்நாளில் அறிஞரிடையே நிலவிய பெரும் ஐயம் ஒன்றை இங்குக் கூறியாக வேண்டும். குளத்து நீரில் கையை விட்டுச் சுழற்றினால் அலை எழுந்து நாற்புறமும் பரவுகிறது. அவ்வலையை எழுப்பும் உழைப்பு நம் கையிலிருந்து செலவாகிறது. அவ்வாறே ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்பொருள்கள் வெளியிலேயே அலை எழுப்பும் என்று ஐன்ஸ்டீன் 1916இல் கூறினார். 1918இல் அக்கணக்கைத் திருத்தியும் வெளியிட்டார். இவையே ஈர்ப்பு அலைகள். அலை பரவினால் சுற்றும் பொருள்களின் ஆற்றல் குறைய வேண்டும். குறைந்தால் அவை மெல்ல மெல்ல நெருங்க வேண்டும். ஆனால் இக்குறைவு மிகமிகச் சிறியது. நமது பூமி சூரியனைச் சுற்றுவதால் இவ்வகையில் இழப்பது ஏறத்தாழ 200 வாட், அதாவது நம் வீடுகளில் முன்னாளில் எரிந்த நூறு வாட் குண்டு விளக்குகள் இரண்டிற்குப் போதுமான ஆற்றல் மட்டுமே. ஆதலின் இவ்விழப்பு மெய்தானா, அல்லது கணக்கின் மாயத்தோற்றமா என்று வல்லுநர்களே வழக்காடிக்கொண்டிருந்தனர்.

பாதை வட்டமாயிராமல் நீள்வட்டமாயிருந்தால் இழப்பு எவ்வாறு மாறும் என்பதை 1963இல் பீட்டர்ஸ், மாத்தியூஸ் என்னும் இருவர் கணக்கிட்டனர். நீள்வட்டத்தில் செல்லும் பொருள் ஒரு புறம் துணையை மிக நெருங்கி விரைந்து பாய்கிறது. மறுபுறம் விலகிச் சோம்பிச் செல்கிறது. நெருங்கும் அந்தச் சிறு நேரத்திலேயே அலை பெருமளவில் வெளிப்படும். சீராக ஓடும் வண்டியைவிட நின்று நின்று விரையும் வண்டி எரிபொருளை மிகுதியாக விழுங்குவதை ரயில்வேக் குடும்பங்கள் அறியும்; அதற்கு ஒப்பானது இது. மேலும், இவ்வாறு செலவாகச் செலவாக நீள்வட்டத்தின் நீட்சி குறைந்து பாதை வட்டத்தை நெருங்குகிறது. ஆயினும் இருவரும் ஐன்ஸ்டீனின் அலைச் சூத்திரத்தை ஏற்றுக்கொண்டே கணக்கிட்டனர். அச்சூத்திரத்தின் அடிப்படையையே ஐயுற்றவர்க்கு இது விடையாகவில்லை.

சந்திரசேகர் இங்கேதான் தமது பேரேட்டைத் திறந்தார். நியூட்டனின் விதியிலிருந்து தொடங்கி, ஐன்ஸ்டீனின் தத்துவம் அதில் புகுத்தும் திருத்தங்களைப் படிப்படியாகக் கணக்கிடுவது அவர் மேற்கொண்ட வழி. முதற்படித் திருத்தத்தை 1965இலும் இரண்டாம் படியை 1969இலும் வெளியிட்டார். அவ்விரண்டு படிகளிலும் ஆற்றலின் வரவும் செலவும் சரியாக நின்றன. இரண்டிற்கும் மூன்றிற்கும் நடுவே, இரண்டரையாம் படி என்று சொல்லத்தக்க இடத்தில்தான் கணக்கில் துண்டு விழுந்தது. 1970இல் எஸ்போசிட்டோ என்பவருடன் சேர்ந்து அதனை வெளியிட்டார். துண்டு விழுந்த தொகையும், அலைவழியே வெளியேறும் என ஐன்ஸ்டீன் குறித்த தொகையும் ஒத்திருந்தன. சுற்றும் பொருளின் பக்கத்திலிருந்து செலவைக் கணக்கிட்டு, வெளியே செல்லும் அலையின் வரவோடு ஒப்பிட்ட இம்முறை, தணிக்கையில் இரு பதிவேடுகளை எதிரெதிரே வைத்துச் சரிபார்ப்பதற்கு நிகராகும்.

அதே ஆண்டில் இவர் கண்ட மற்றொன்று இன்னும் வியப்புக்குரியது. சுழலும் பொருளிலிருந்து ஆற்றல் வெளியேறினால் அதன் அதிர்வு அடங்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். கோயில் மணியின் ஒலி அவ்வாறே தேய்கிறது. சந்திரசேகர் காட்டியது இதற்கு நேர்மாறானது. வேகமாகச் சுழலும் ஒரு விண்மீனின் மேல் எழும் அலை, அவ்விண்மீனின் மேற்பரப்பைப் பொறுத்தவரை பின்னோக்கிச் செல்கிறது என்று கொள்வோம். சுழற்சி மிகுதியால் அது வெளியிலிருந்து பார்ப்போர்க்கு முன்னோக்கிச் செல்வதாய்த் தோன்றும். இந்நிலையில் ஈர்ப்பு அலை ஆற்றலைக் கொண்டுபோகப் போக, அடங்க வேண்டிய அதிர்வு வளர்கிறது! பிரீட்மன், சுட்ஸ் என்னும் இருவர் 1978இல் இதனை மேலும் விரிவாக நிறுவினர். இன்று இது மூவர் பெயராலும் வழங்குகிறது. தம் கணக்கு இங்ஙனம் முடியும் என்று எதிர்பார்த்தவர் ஒருவரும் இலர்.

இவையனைத்தும் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1974இல் ஹல்ஸ், டெய்லர் என்னும் அமெரிக்கர் இருவர், ஒன்றையொன்று சுற்றும் இரு நியூட்ரான் விண்மீன்களைக் கண்டனர். 7 மணி 45 நிமிடத்திற்கு ஒரு முறை சுற்றும் அவற்றின் பாதை நீட்சி மிக்க நீள்வட்டம். நெருங்கும்போது இடைவெளி ஏறத்தாழ 7.5 லட்சம் கிலோமீட்டர், விலகும்போது 31.5 லட்சம் கிலோமீட்டர். இந்நீட்சியினால், அதே கால அளவில் சுற்றும் வட்டப் பாதையினும் ஏறத்தாழ 12 மடங்கு ஆற்றல் செலவாகிறது. சுற்றுக்காலம் ஆண்டுக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 76 பங்கு வீதம் குறைகிறது. இது எம்மாத்திரம் என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றும் முன்னதினும் சற்று விரைவாக முடிவதால், வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகிறது. 30 ஆண்டுகளில் அவ்விண்மீன்கள் பழைய கால அட்டவணைப்படி வர வேண்டிய இடத்திற்கு ஏறத்தாழ 39 விநாடி முன்னதாக வந்துவிட்டன. கணக்கு கூறியதும் இதுவே. கால அட்டவணையோடு வாழ்ந்து பழகிய நாம் இந்த 39 விநாடிக்குத் தலைவணங்குகிறோம்.

1974ஐ ஒட்டிச் சந்திரசேகர் மீண்டும் புதுப் பேரேடு திறந்தார். அப்போது அவருக்கு வயது 63. இம்முறை எடுத்துக்கொண்டது கருந்துளை. இளமையில் அவர் கண்ட எடை எல்லை நெடுங்காலத்திற்குப் பின் வழிகாட்டிய பொருள் அதுவே. சுழலாத கருந்துளையின் கணக்கை 1916இல் ஜெர்மானியராகிய சுவார்ஷில்டு தீர்த்திருந்தார். சுழலும் கருந்துளையின் கணக்கை 1963இல் நியூசிலாந்து நாட்டவரான கெர் என்பவர் கண்டுபிடித்தார். இயற்கையிலுள்ள எண்ணற்ற கருந்துளைகளையும் ஒரே சூத்திரம் பிசகின்றி விவரிக்கிறது என்பதே தமது விஞ்ஞான வாழ்வில் தம்மைப் பெரிதும் உலுக்கிய அனுபவம் என்று சந்திரசேகர் வெளிப்படையாகக் கூறியவர்.

கருந்துளை சுழன்றால் தன்னைச் சூழ்ந்த வெளியையும் உடன் இழுக்கிறது. சூரியனைப் போல் பத்து மடங்கு எடையுள்ள கருந்துளை ஒன்றைக் கொள்வோம். அது சுழலாததாயின், 89 கிலோமீட்டர் தொலைவு வரையில்தான் ஒரு பொருள் அதனை நிலையாகச் சுற்ற முடியும்; அதற்குள் சென்றால் விழுந்துவிடும். கருந்துளை இயன்ற அளவு வேகமாகச் சுழலுமாயின், அதன் திசையிலேயே சுற்றும் பொருள் 15 கிலோமீட்டர் வரை நெருங்கலாம். எதிர்த்திசையில் சுற்றுவதோ 133 கிலோமீட்டரிலேயே நிலையிழக்கும். பாதை சாய்ந்திருந்தால் அதன் தளமே சுழன்றுகொண்டிருக்கும். பாதை நீள்வட்டமாகவும் இருப்பின், நூற்கண்டைத் தாறுமாறாய்ச் சுற்றியதுபோல் ஆகிவிடும். அத்தகைய பாதையிலிருந்து எவ்வளவு ஆற்றல் வெளியே செல்கிறது, எவ்வளவு கருந்துளைக்குள் விழுகிறது, சுழற்சியிலிருந்து எவ்வளவு திரும்பப் பெறப்படுகிறது என்று மூன்று பத்திகளில் கணக்கு எழுத வேண்டும். பள்ளியிறுதி வகுப்போடு நின்ற நம்போன்றோர்க்கு அச்சமன்பாடுகள் எட்டா. எனினும் கணக்கின் தன்மை விளங்காமற்போகாது.

இக்கணக்கிற்கு வேண்டிய அடிப்படைச் சமன்பாட்டை 1972இல் டியுகோல்ஸ்கி கண்டிருந்தார். சந்திரசேகர் அதனைத் தம் வழியில் மீண்டும் முதலிலிருந்து ஆராய்ந்தார். சிகாகோவில் உடனிருந்த டெட்வைலர் என்னும் இளைஞருடன் சேர்ந்து, அதிர்வுற்ற கருந்துளை எந்தெந்தச் சுருதியில் ஒலித்து ஓயும் என்பதை 1975இல் கணக்கிட்டார். சுழலும் கருந்துளையின் மேல் விழும் அலை சில சமயம் வந்ததினும் மிகுந்த வலிமையுடன் திரும்புவதையும் இருவரும் ஆராய்ந்தனர். 1978இல் டெட்வைலர், சுழலும் கருந்துளையை வட்டமாகச் சுற்றும் பொருள் இழக்கும் ஆற்றலைக் கணக்கிட்டார். நீள்வட்டப் பாதைகளைப் பின்வந்தோர் கணக்கிட்டனர். அப்பணி இன்னும் நடைபெறுகிறது. மாபெருங் கருந்துளையைச் சிறு கருந்துளை ஒன்று பல்லாயிரம் முறை சுற்றி விழும் அலையைக் கேட்பதற்காகவும், விண்ணில் மூன்று கலங்களை நிறுத்தும் திட்டத்தை ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 ஜனவரியில் ஏற்றுள்ளது.

இவ்வேலையின் நடுவே சந்திரசேகரின் இதயம் நோயுற்றது. பெரிய அறுவைச் சிகிச்சையும் நிகழ்ந்தது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. கருந்துளைகளின் கணிதத்தைப் பற்றிய பெருநூல் 1983இல் வெளிவந்தது. அதில் சுழலும் கருந்துளையின் அதிர்வு பற்றிய பகுதியில் அச்சில் ஏற்ற இயலாத கணக்குகள் ஏராளம். நீள்தாள்களில் ஏறத்தாழ 600 பக்கங்களும், அவற்றோடு ஆறு குறிப்பேடுகளும் நிறைந்த அவற்றைச் சிகாகோ சர்வகலாசாலை நூலகத்தில் ஒப்படைத்துவிட்டு, ஐயமுடையோர் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று நூலில் குறித்தார். முடிவை மட்டும் கூறி, வழியை மறைக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. பில்லுக்கு வவுச்சர் இணைத்து வைக்கும் ஒழுங்கு என்றே நாம் இதனைக் கருதுகிறோம்.

அவ்வாண்டிலேயே, அவருடைய 73ஆவது பிறந்த நாளன்று, நோபல் பரிசுச் செய்தி வந்தது. பரிசுரையோ விண்மீன்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் பற்றிய பணியையே சுட்டியது. இளமையில் செய்த ஒன்றையே உலகம் நினைவில் வைத்து, பின்னர் ஆற்றிய பணியைப் பாராமற் போனது குறித்து அவர் வருந்தினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். அவ்வருத்தம் நியாயமானதே. நம் மேடைகளில் கப்பல் கதையோடு பேச்சை முடிப்பவர்களும் அதே பிழையைத்தான் செய்கின்றனர்.

பரிசுக்குப் பின்னரும் அவர் ஓயவில்லை. மோதும் அலைகளைப் பற்றியும் விண்மீன்களின் அதிர்வு பற்றியும் எழுதினார். இறுதியாக நியூட்டனின் மூல நூலைக் கையிலெடுத்தார். அதிலுள்ள தேற்றங்களைத் தாமே நிறுவிப் பார்த்து, பின்னர் நியூட்டனின் நிறுவலோடு ஒப்பிட்டு, பொதுமக்களுக்கென ஒரு விளக்கவுரை எழுதினார். அது 1995இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், தமது 84ஆம் வயதில், சிகாகோவில் இதயம் நின்று காலமானார். அரை நூற்றாண்டிற்கு மேல் அமெரிக்காவில் வாழ்ந்தும் மரக்கறி உணவைக் கைவிடாதவர்.

2015 செப்டம்பர் 14ஆம் நாள், அமெரிக்காவில் நான்கு கிலோமீட்டர் நீளக் குழாய்களுடன் அமைந்த இரு நிலையங்கள், ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வந்த ஈர்ப்பு அலையைப் பதிவு செய்தன. சூரியனைப் போல் 36 மடங்கும் 29 மடங்கும் எடையுள்ள இரு கருந்துளைகள் சுற்றி நெருங்கி ஒன்றாயின. உண்டான கருந்துளையின் எடையோ 62 மடங்கு. குறைந்த மூன்று சூரியன்களின் எடை, ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் அலையாய் வெளியேறிவிட்டது. கணக்கில் விழுந்த அத்துண்டை உலகம் முதன்முதலாக நேரே கண்டது. அலையின் கடைசி நுனியில், புதிதாய்ப் பிறந்து சுழன்றுகொண்டிருந்த அக்கருந்துளை ஒலித்து ஓய்ந்த தடமும் தெரிந்தது. சந்திரசேகரும் டெட்வைலரும் 1975இல் தாளில் கணக்கிட்ட ஒலியின் வகை அது. இதே வகை நிலையமொன்றை மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமைக்க நம் மத்திய அரசு 2023இல் அனுமதி அளித்துள்ளது.

சந்திரசேகரோடு 59 ஆண்டுகள் இல்லறம் நடத்திய லலிதா அம்மையார், அந்த அலை வந்து சேர்வதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 2013 செப்டம்பரில், 102ஆம் வயதில் காலமாகியிருந்தார்.